என் தம்பி ஜெனரல்

என் தம்பி செழியன் இருபத்தேழு வருடம் அமெரிக்க ராணுவத்தில் இருந்தான். தோளில் ஒரு நட்சத்திரம் வைத்த பிரிகேடியர் ஜெனரலாக உயர்ந்தான். இந்த வருடத் தொடக்கத்தில் அந்த நட்சத்திரத்தைக் கழற்றி, ஒரு படி கீழே இறக்கிக் கர்னல் என்று எழுதி, ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். டெக்சாஸின் காப்பெலில் இதைப் பற்றி ஒரு விதமாகப் பேசுகிறார்கள், நாங்கள் வளர்ந்த பார்சிப்பனியில் வேறு விதமாக. ஒரு பெண்ணைக் கொன்றவன் என்பவர்கள் உண்டு. வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இன்னும் பெரிய ஆளாகியிருப்பான் என்பவர்களும் உண்டு. இரண்டுமே பொய் இல்லை. ஆனால் நடந்ததைக் கிட்டே இருந்து பார்த்தவள் நான்.

கோபிச்செட்டிபாளையத்திலிருந்து நியூ ஜெர்சிக்கு வந்தபோது எனக்கு ஒன்பது வயது, அவனுக்கு நாலு. அப்பா நஞ்சுண்டன் ஒரு மருந்துக் கம்பெனியில் கெமிஸ்ட். அம்மா வசந்தாமணி பார்சிப்பனியின் குளிரையும் ஆங்கிலத்தையும் ஒரே மாதிரி வெறுத்தாள். பள்ளிக்கூடத்தில் யாருக்கும் ‘ழி’ வரவில்லை. தம்பியை ‘செஸ்’ என்று கூப்பிட்டார்கள். அவன் அதைத் திருத்தவில்லை. நீண்ட தூர ஓட்டத்தில் சேர்ந்தான். மற்றவர்களைவிட வேகமாக ஓடினான் என்று சொல்ல முடியாது. மற்றவர்கள் நின்ற பிறகும் ஓடிக்கொண்டிருந்தான். அதுதான் அவனிடம் இருந்தது.

பதினேழு வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சோற்றில் கை வைத்துக்கொண்டே, வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது என்று சொன்னான். விண்ணப்பம் போட்டதே எங்கள் யாருக்கும் தெரியாது.

அப்பா முதலில் சிரித்தார். விளையாட்டு என்று நினைத்தார். பிறகு அவன் முகத்தைப் பார்த்தார்.

“டாக்டருக்குப் படிக்கறன்னு சொன்னியேடா?”

“அது நீங்க சொன்னதுங்ப்பா. நான் சொல்லல.”

“எவனோ போடற சண்டைக்கு நாம எதுக்குடா போய்ச் சாவோணும்? அவங்க ஊரு, அவங்க சண்டை.”

“என்ற ஊரும் இதுதானுங்ப்பா. எனக்கு வேற ஊரு நெனப்பே இல்லீங்க.”

அப்பா பாதிச் சோற்றில் எழுந்து போய்விட்டார். “கண்ணு, அப்பாகிட்ட மன்னிப்புக் கேளு” என்று அம்மா கெஞ்சினாள். அவன் கேட்கவில்லை. தட்டைக் காலி செய்து, கழுவி வைத்துவிட்டு ஓடப் போனான். அப்பா அவனோடு பேச இரண்டு வருடம் ஆனது. பேச ஆரம்பித்த பிறகும் பட்டமளிப்புக்கு அவர் வரவில்லை, அம்மாவும் நானும்தான் போனோம். வெள்ளைக் கால்சட்டையும் சாம்பல் கோட்டுமாக ஆயிரம் பேர் நின்றார்கள். அம்மா அவர்களுக்கு நடுவில் அவனை உடனே கண்டுபிடித்துவிட்டாள். “அவ்வளோ நேரா எவனும் நிக்கல பாரு” என்றாள். பெருமையா பயமா, இரண்டும் கலந்த குரல்.

இராக்குக்குப் போனபோது அவன் கேப்டன். பாக்தாத்துக்குத் தெற்கே சரக்கு லாரிகளைக் கூட்டிக்கொண்டு போகும் வேலை. ஒரு காலை, முன்னால் போன லாரி சாலையில் புதைத்திருந்த குண்டில் எரிந்தது. இரண்டு பக்கமும் வீடுகளிலிருந்து சுட ஆரம்பித்தார்கள். பின்னால் வந்த ஓட்டுநர்கள் எரிகிற லாரியில் இருந்தவர்களை இழுக்க நிறுத்தப் பார்த்தார்கள். செழியன் ரேடியோவில் கத்தினான்: நிற்காதே, ஓட்டு, யாரும் நிற்காதே. எரியும் லாரியைச் சுற்றிக்கொண்டு எல்லா வண்டிகளும் வெளியே வந்துவிட்டன. அந்த முதல் லாரியில் இருந்த இருவர் மட்டும் வரவில்லை. அதற்குப் பதக்கம் கொடுத்தார்கள்.

பல வருடம் கழித்து, மேற்குக் கரையில் பிளசன்டனில் இருக்கும் என் வீட்டுக்கு வந்திருந்தபோது, அவனாகவே அதைப் பற்றிப் பேசினான். “நின்னிருந்தா எல்லாரும் போயிருப்போம் அக்கா. நின்னாத்தான் சாவு. ஓடிட்டே இருந்தா வழி கிடைச்சுடும்.”

இந்தப் பாடத்தை வைத்துக்கொண்டுதான் அவன் மேலே ஏறினான். ஆப்கானிஸ்தானுக்கு இரண்டு முறை போனான். கொடுத்த வேலையைச் சொன்ன நேரத்தில் முடிப்பவன் என்று பெயர் எடுத்தான். நம் நிறத்தில் ஒருவன் அங்கே தாமதமாக வந்தால், அந்த ஒருவன் தாமதமாக வந்தான் என்று சொல்ல மாட்டார்கள், அந்த நிறத்தையே சொல்வார்கள் என்று அவன் நம்பினான். மேலதிகாரி ஒன்று கேட்டால் ‘முடியாது’ என்ற வார்த்தை அவன் வாயிலிருந்து வந்ததே இல்லை. அதைச் சொல்லி ஒரு தடவை பெருமைப்பட்டுக்கொண்டான்.

நடுவில் அம்மா பார்த்து வைத்த தாமரைச்செல்வியோடு கல்யாணம் ஆனது. ஈரோட்டுப் பெண், கம்ப்யூட்டர் படித்தவள். இரண்டு வருடத்துக்கு ஒரு ஊர் என்று முகாம் முகாமாக மாறியதில் அவளுக்கு ஒரு வேலையும் நிலைக்கவில்லை. குழந்தையும் இல்லை. சண்டை போட்டுப் பிரிந்தார்கள் என்று சொல்ல முடியாது. “அவரு வீட்டுக்கு வந்தாலும் வந்த மாதிரி இல்லீங்க அண்ணி” என்று என்னிடம் போனில் சொன்னாள். அடுத்த மாதம் பெட்டியோடு கிளம்பிவிட்டாள். அவன் விமான நிலையத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு, அன்றைக்கே பயிற்சிக்குப் போனான்.

அம்மா இறந்த அடுத்த வருடம் அவனுக்கு நட்சத்திரம் வந்தது. குடும்பத்தார்தான் அதைத் தோளில் குத்திவிட வேண்டும். ஒரு தோளுக்கு நான், இன்னொன்றுக்கு அப்பா. அப்பாவுக்கு எழுபத்தெட்டு வயது. ஊசியை மூட முடியவில்லை. செழியன் அசையாமல் நின்றான். கடைசியில் பக்கத்தில் நின்ற அதிகாரி உதவிக்கு வந்தபோது அப்பா அவரை விலக்கிவிட்டு, “இருங்க, நானே போடறேன்” என்று தமிழில் சொன்னார். போட்டும் விட்டார். அன்று முழுக்க அப்பா எல்லோரிடமும் போய்க் கை கொடுத்தார்.

மத்திய டெக்சாஸில் ஒரு பெரிய முகாமில் துணைத் தளபதியாகப் போட்டார்கள். அங்கிருந்து டாலஸை ஒட்டிய காப்பெலுக்கு மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். தமிழர் ராணுவ ஜெனரல் என்றால் விடுவார்களா? டாலஸ் பக்கத்துத் தமிழ் ஆட்கள் பொங்கல் விழாவுக்கு அவனைத் தலைமை விருந்தினராகக் கூப்பிட்டார்கள். நானும் பிளசன்டனிலிருந்து போயிருந்தேன். பள்ளிக்கூட அரங்கு நிறைந்திருந்தது. யூனிஃபார்மில் மேடை ஏறி, “எல்லாருக்கும் வணக்கமுங்க” என்று அவன் ஆரம்பித்ததும் கைதட்டல் அடங்கவே இல்லை. ஒவ்வொருவராக வந்து செல்ஃபி எடுத்தார்கள்.

அந்தக் கூட்டத்தில்தான் காமாக்ஷி வந்தாள். காப்பெலில் இருபது வருடமாக இருக்கும் குடும்பம். கணவர் வெங்கடகிருஷ்ணன் ஒரு வங்கியின் ஐடி பிரிவில் வேலை. பெண் தீக்ஷா சிவில் இன்ஜினியரிங் கடைசி வருடம். கல்லூரியிலேயே ராணுவப் பயிற்சி எடுத்து, படிப்பு முடிந்ததும் லெஃப்டினன்டாகப் போவதற்குக் கையெழுத்துப் போட்டுவிட்டாள். அம்மாவுக்கு இரண்டு வருடமாகத் தூக்கம் இல்லை.

“சார், எனக்கு பயமா இருக்கு. இவ அப்பா பேசறதையே விட்டுட்டார். நீங்க சொல்லுங்கோ, அனுப்பலாமா?”

தீக்ஷா அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு ஆங்கிலத்தில், “அம்மா, தயவுசெய்து இங்கே வேண்டாம்” என்றாள். குட்டையான பெண். முடியை இறுக்கிப் பின்னியிருந்தாள். பட்டுப் பாவாடைக்குக் கீழே ஓட்டப் பயிற்சி ஷூ.

செழியன் அவளைப் பார்த்துச் சிரித்தான். ஷூவைப் பார்த்துத்தான் சிரித்தான் என்று நினைக்கிறேன். பிறகு காமாக்ஷியிடம் திரும்பி, “தைரியமா அனுப்புங்கம்மா. நம்ம பொண்ணு. நான் இருக்கேன்ல” என்றான்.

இந்த நாலு வார்த்தைக்காக அந்தக் குடும்பம் அவளை அனுப்பியது. வெங்கடகிருஷ்ணன் மகளோடு மறுபடி பேச ஆரம்பித்தார். அவள் அதிகாரியான அன்று அப்பா அம்மா இருவரும் போய்ப் படம் எடுத்துக்கொண்டார்கள். அடுத்த வருடம் அவளைச் செழியன் இருந்த முகாமுக்கே, பாலம் கட்டும் பொறியாளர் பிரிவுக்கு அனுப்பினார்கள். அவன் சிபாரிசு எதுவும் செய்யவில்லை. அது தானாக அமைந்தது. காமாக்ஷி மட்டும் அதைத் தெய்வச் செயல் என்று சொல்லிக்கொண்டிருந்தாளாம்.

அந்த வசந்தகாலத்தில் முகாமில் ஒரு பெரிய செயல்விளக்கம் வைத்தார்கள். வாஷிங்டனிலிருந்து அரசியல்வாதிகள், வெளிநாட்டு ராணுவ அதிகாரிகள் எல்லோரும் குன்றின் மேல் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். கீழே ஓடைக்குக் குறுக்கே பாலம் கட்டி, அதன் மேல் டாங்கிகளைக் கடத்திக் காட்ட வேண்டும். பொறுப்பு செழியனுக்கு. அவனுக்கு இரண்டாவது நட்சத்திரம் கொடுப்பதற்கான பட்டியல் அப்போது ஒப்புதலுக்காகச் செனட்டில் இருந்தது.

முந்தின நாள் முழுக்க மழை. காலையில் வெயில் வந்துவிட்டது. பாலத்துக்கான பாகங்களை ஏற்றிய லாரிகள் ஓடைக் கரையோரமாகப் போகும் மண் பாதை வழியாக வர வேண்டும். அந்த லாரிகளுக்குப் பொறுப்பாளர் தீக்ஷா. அவள் முன்னால் நடந்துபோய்ப் பாதையைப் பார்த்துவிட்டு, தன் பிரிவுத் தலைவியான கேப்டன் மோராலஸுக்கு ரேடியோவில் சொன்னாள். மோராலஸ் அதை மேலே அனுப்பினாள். அப்படியே கை மாறிக் குன்றின் மேல் ஹெட்செட் மாட்டி நின்ற செழியனிடம் வந்தது. வலது ஓரம் இளகிவிட்டது, தார் ரோடு வழியாகச் சுற்றி வருகிறோம், ஒரு மணி நேரம் தாமதமாகும்.

விருந்தினர்கள் காப்பி குடித்து முடித்திருந்தார்கள். அவனுடைய மேலதிகாரி, இரண்டு நட்சத்திர ஜெனரல், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பார்த்தார், அவ்வளவுதான்.

“மண் பாதையிலேயே வரச் சொல். இப்பவே” என்றான் செழியன்.

மோராலஸ் இன்னொரு தடவை கேட்டாள். அவன் அதே வார்த்தையைத் திரும்பச் சொன்னான்.

லாரிகளுக்கு முன்னால் தீக்ஷாவின் சிறிய வண்டி வந்தது. ஓடை வளைகிற இடத்தில் கரை உடைந்தது. வண்டி உருண்டு, தலைகீழாகத் தண்ணீரில் விழுந்தது. ஓட்டியவன் முதுகெலும்பு முறிந்து பிழைத்தான். தீக்ஷாவை வெளியே எடுத்தபோது உயிர் இல்லை. குன்றின் மேலிருந்து அந்த வளைவு தெரியாது. விருந்தினர்களைத் தொழில்நுட்பக் கோளாறு என்று சொல்லி மதியச் சாப்பாட்டுக்கு அழைத்துப் போனார்கள்.

நான் பிளசன்டனில் பல் மருத்துவர். கிளினிக்கில் ஒரு நோயாளிக்கு ஊசி போட்டுவிட்டு மரத்துப்போகக் காத்திருந்தபோது போன் வந்தது. வேலை நேரத்தில் அவன் கூப்பிட்டதே கிடையாது.

“அக்கா, தீக்ஷா போயிட்டா.”

“எந்த தீக்ஷா?”

“காப்பெல் தீக்ஷா. பொங்கலுக்கு வந்துச்சே. நீ வரோணும் அக்கா. அவங்க வீட்ல தமிழ்ல பேசோணும். என்னால ஆகுமான்னு தெரியல.”

அன்று மதிய விமானத்தில் டாலஸ் போனேன்.

இறுதிச் சடங்குக்கு ராணுவத்திலிருந்து ஒரு ஜெனரல் போக வேண்டும் என்பது வழக்கம். அவன்தான் போனான். சாஸ்திரிகள் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார், வாசலில் ஆறு சிப்பாய்கள் விறைத்து நின்றார்கள். பெட்டியின் மேலிருந்த கொடியை மடித்து அவன் கையில் கொடுத்தார்கள். அவன் காமாக்ஷிக்கு முன்னால் மண்டியிட்டு, சொல்ல வேண்டிய ஆங்கில வாக்கியத்தைச் சொல்லி, கொடியை அவள் மடியில் வைத்தான். அவள் கொடியைப் பார்க்கவில்லை.

“அவளுக்கு வலிச்சுதா?”

“இல்லம்மா. உடனே...” என்றான்.

“எப்படி ஆச்சு?”

“மழைல கரை இடிஞ்சிருச்சும்மா. விசாரணை நடக்குது.”

காமாக்ஷி தலையை ஆட்டினாள். அவன் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டாள். “நீங்க பக்கத்துல இருந்தேளே, அதுவே எங்களுக்கு ஆறுதல்” என்றாள். எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது. அவன் முகம் மாறியதைத் துக்கத்தோடு சேர்த்துக்கொண்டேன்.

திரும்பும்போது காரில் எல்லாவற்றையும் சொன்னான். ஃப்ரீவேயில் ஓட்டிக்கொண்டே, கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து லேன் மாறிக்கொண்டே, அறிக்கை வாசிப்பது போலச் சொன்னான்.

“இதை அவங்ககிட்டச் சொல்லு” என்றேன்.

“விசாரணைல சொல்றேன் அக்கா. அதுக்கு ஒரு முறை இருக்குது.”

விசாரணைக்கு முன்னால் மேலதிகாரி அவனைக் கூப்பிட்டு உட்கார வைத்தாராம். ‘நீ கட்டளை போடவில்லை, செஸ். நிலைமையைப் பார்த்து வரச் சொன்னாய். அப்படித்தான் எனக்கு ஞாபகம். உனக்கும் அப்படித்தான் ஞாபகம் இருக்கும். பட்டியல் செனட்டில் இருக்கிறது. உன் மாதிரி ஒருவன் மேலே வருவது இந்த ராணுவத்துக்குத் தேவை’ என்றார். விசாரணையில் அவன் அவர் சொன்ன மாதிரியே சொல்லிவிட்டான். மோராலஸிடம் யார் என்ன பேசினார்களோ, அவளும் வாயைத் திறக்கவில்லை. இதையெல்லாம் அவன் அப்போது என்னிடம் மறைத்துவிட்டான். போன் செய்தால் எடுப்பதைக் குறைத்துக்கொண்டான்.

இலையுதிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை காலை வெங்கடகிருஷ்ணன் எனக்கு போன் செய்தார். குரல் ரொம்ப நிதானமாக இருந்தது. மீட்டிங்கில் பேசுகிறவர் மாதிரி.

“மேடம், நேத்திக்கு ஒரு கர்னல் வீட்டுக்கு வந்து ரிப்போர்ட் எக்ஸ்ப்ளெயின் பண்ணினார். பாதையைச் சரியா அசெஸ் பண்ணாம வண்டியைக் கொண்டுபோனது தீக்ஷாவோட தப்புன்னு போட்டிருக்கா. டிரைவருக்கு முதுகு போனதும் அவளாலதானாம். காமாக்ஷி அந்தப் பையனோட அம்மாகிட்ட மன்னிப்புக் கேக்கணும்னு உக்காந்திருக்கா. என் பொண்ணு அப்படிக் கேர்லெஸ் இல்ல மேடம். பார்க்கிங்லகூட ரெண்டு தடவை இறங்கிப் பார்ப்பா. ஜெனரல் சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்ல முடியுமா?”

நான் செழியனைக் கூப்பிட்டேன். அவர் சொன்னதை அப்படியே சொன்னேன்.

“அவ மேலயா போட்டாங்க?” என்றான்.

“உனக்குத் தெரியாதா?”

“மழை மேல போடுவாங்கன்னு நெனச்சேன் அக்கா.”

“நீ விசாரணைல என்னடா சொன்ன?”

சொன்னான். நான் போனை வைத்துவிட்டேன். அன்று சாயங்காலம் அவனே கூப்பிட்டு, அடுத்த ஞாயிறு காப்பெல் போவதாகவும், என்னால் வர முடியுமா என்றும் கேட்டான். அந்த ஞாயிறு வருவதற்குள் விசாரணை அலுவலகத்துக்குப் போய், தான் முன்பு கொடுத்த வாக்குமூலம் பொய் என்று புதிதாக எழுதிக் கொடுத்திருந்தான். ராணுவ வக்கீல், குடும்பத்தைப் பார்க்கக்கூடாது என்றாராம். “அதுக்கு நான் சரின்னு சொல்லல” என்றான்.

யூனிஃபார்ம் இல்லாமல், சாதாரணச் சட்டையில் வந்தான். காமாக்ஷி காப்பி கொண்டுவந்து வைத்தாள். அவன் தொடவில்லை. வெங்கடகிருஷ்ணன் சோபாவில். தீக்ஷாவின் தம்பி ஆர்யன், கல்லூரியில் படிப்பவன், கையைக் கட்டிக்கொண்டு மாடிப்படியில் சாய்ந்து நின்றான்.

“ரிப்போர்ட்ல இருக்கறது பொய்ங்க” என்றான் செழியன். “அவ பாதையைப் பார்த்தா. இறங்கி நடந்துபோய்ப் பார்த்தா. சரியில்லன்னு சொன்னா. தார் ரோட்ல வரேன்னு கேட்டா. நான்தான் மண் பாதைலயே வரச் சொன்னேன். ரெண்டு தடவை சொன்னேன்.”

ஆர்யன்தான் முதலில் பேசினான், ஆங்கிலத்தில். “அவள் உங்களிடம் ஆபத்து என்று சொன்னாள். நீங்கள் வா என்றீர்கள். அப்படித்தானே?”

“அப்படித்தான்.”

“எதற்காக?”

செழியன் கொஞ்சம் யோசித்தான். “விருந்தாளிங்க காத்துட்டு இருந்தாங்க” என்றான். வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். இராக்கைச் சொல்லியிருக்கலாம், மேலதிகாரியின் கைக்கடிகாரத்தைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

“விருந்தாளி” என்றார் வெங்கடகிருஷ்ணன். அந்த வார்த்தையை முதல் தடவை கேட்கிறவர் போல.

“நான் இருக்கேன்னு சொன்னேளே” என்றாள் காமாக்ஷி. கத்தவில்லை. “அன்னிக்கு ஸ்டேஜ் பக்கத்துல வெச்சு என்கிட்ட சொன்னேளே.”

“சொன்னேன்மா.”

“ஆறு மாசமா உங்களுக்கும் சேர்த்துன்னா விளக்கேத்திண்டு இருக்கேன்.”

அவன் தலையைக் குனியவில்லை. குனிந்திருந்தால் பார்க்கச் சுலபமாக இருந்திருக்கும். நேராக உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

“அவ என்ன சொன்னா?” என்று கேட்டாள். “நீங்க தார் ரோடு கூடாதுன்னு சொன்னப்புறம் அவ என்ன சொன்னா? ஏதாவது சொல்லியிருப்பாளே.”

அவன் என்னைப் பார்த்தான். பிறகு சொன்னான். “ரேடியோல வந்துச்சும்மா. உத்தரவு புரிஞ்சுதுன்னா. லாரிக்காரங்களை நிறுத்தி வெச்சுட்டு, முன்னால நானே போய்ப் பாதை தாங்குதான்னு பார்க்கிறேன்னா.”

“நானே போறேன்னாளா?”

“ஆமாம்மா. லாரி ஒவ்வொண்ணுலயும் மூணு பேர் இருந்தாங்க. அவ முன்னால போகாம இருந்திருந்தா லாரிதான் விழுந்திருக்கும்.”

காமாக்ஷி எழுந்தாள். உள்ளே போகப் போகிறாள் என்று நினைத்தேன். இரண்டடி வைத்து, சாப்பாட்டு மேஜையைப் பிடித்துக்கொண்டு, வாய் திறந்து அழ ஆரம்பித்தாள். சடங்கின்போதுகூட அவள் அப்படி அழவில்லை. ஆர்யன் ஓடி வந்து அவளைப் பிடித்துக்கொண்டான்.

“நீங்க கிளம்புங்க” என்றார் வெங்கடகிருஷ்ணன். வாசல்வரை வந்தார். கதவைச் சாத்துவதற்கு முன்னால், “இதை எல்லாரும் கேக்கறா மாதிரி சொல்வேளா? இல்ல, எங்காத்து ஹாலோட சரியா?” என்று கேட்டார்.

“எழுதிக் குடுத்துட்டேன் சார். கூப்பிடற இடத்துல எல்லாம் சொல்லுவேன்.”

சொன்னான். விசாரணையை மறுபடி திறந்தார்கள். அவன் பேசிய பிறகு மோராலஸும் பேசினாள். ஒரு வாரம் கழித்து அவள் ராணுவத்தை விட்டே போய்விட்டாள். மேலதிகாரி, தனக்கு எதுவும் ஞாபகம் இல்லை என்று சொல்லி, விருந்து வைத்து மரியாதையாக ஓய்வு பெற்றார். செனட் பட்டியலிலிருந்து செழியன் பெயரை எடுத்தார்கள். கண்டனக் கடிதம் கொடுத்தார்கள். பொய் வாக்குமூலம் கொடுத்ததற்காக வழக்குப் போடலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று முடிவு செய்து, கர்னலாக ஓய்வு கொடுத்தார்கள். பிரிவு உபசாரம் இல்லை. ஒரு செவ்வாய்க்கிழமை அடையாள அட்டையை ஒப்படைத்துவிட்டு, காரில் நியூ ஜெர்சி வரை தனியாக ஓட்டிக்கொண்டு போனான்.

திருத்திய அறிக்கை வந்த அன்று வெங்கடகிருஷ்ணன் என்னைக் கூப்பிட்டார். “தீக்ஷா மேல தப்பு இல்லன்னு போட்டுட்டா. அவளுக்கு ஒரு மெடலும் குடுக்கப்போறாளாம். உங்க தம்பிகிட்ட சொல்லிடுங்கோ. அதுக்காக அவருக்குத் தேங்க்ஸ் சொல்லணும்னு எனக்குத் தோணலை மேடம்.”

“வேண்டாம் சார். அவன் எதிர்பார்க்கல.”

“அவளோட வருஷாப்தீகத் திதிக்கு அவர் வரணும்னு நெனச்சா, வர வேண்டாம்னு சொல்லிடுங்கோ. காமாக்ஷியால முடியாது.”

சொன்னேன். “சரி அக்கா” என்றான்.

மார்ச் மாதம் பார்சிப்பனிக்குப் போனேன். அப்பாவும் அவனும் அந்தப் பழைய வீட்டில் இருக்கிறார்கள். அவன் சமைக்கிறான், அப்பாவை டாக்டரிடம் கூட்டிப் போகிறான். ஆயுதக் கம்பெனி ஒன்று பெரிய சம்பளத்தில் கூப்பிட்டதாம், போகவில்லை. கோவிலுக்குப் போனால் சிலர் எழுந்து வேறு வரிசைக்குப் போகிறார்கள். சிலர் வந்து தோளைத் தட்டுகிறார்கள். தட்டுகிறவர்களைத்தான் தாங்க முடியவில்லை என்றான்.

மதியம் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். அப்பா இதுவரை இதைப் பற்றி அவனிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அன்று ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டார்.

“அந்தப் புள்ளைக்கு என்ன வயசு?”

“இருபத்திமூணுங்ப்பா.”

அப்பா கரண்டியை வைத்தார். “உன்னை இராக்குக்கு அனுப்பிப்போட்டு, உன்ற அம்மா போன் அடிச்சா எடுக்க மாட்டா. என்னைத்தான் எடுக்கச் சொல்லுவா. நீ திரும்பி வந்துட்ட. அந்தம்மாளுக்கு இனி எடுக்கறதுக்குப் போனே இல்ல.”

அப்பா சாப்பிட்டு முடித்து, கையைக் கழுவிக்கொண்டு போய்ப் படுத்துவிட்டார்.

நாங்கள் இருவரும் பாத்திரம் துலக்கினோம். “எல்லாத்தையும் சொல்லிட்டா கொஞ்சம் லேசாகும்னு நெனச்சேன் அக்கா” என்றான்.

“ஆச்சா?”

“இல்ல.”

“ஆகோணும்னு ஆசைப்பட்டியா?”

கையில் இருந்த தட்டைத் தண்ணீரில் காட்டியபடி நின்றான். “ஆமா” என்றான் பிறகு. “அதுக்காகவும்தான் சொன்னேன். அவளுக்காக மட்டும்னு சொன்னா அதுவும் பொய்.”

தட்டை அவன் கையிலிருந்து வாங்கித் துடைத்தேன். ஜன்னலுக்கு வெளியே பனி உருகிப் புல் அழுக்காகத் தெரிந்தது. அப்பாவுக்கு நாலு மணிக்குக் கண் டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட் இருந்தது. அவன் போய் அவரை எழுப்பி, ஷூ மாட்டிவிட்டு, கையைப் பிடித்து மெதுவாகக் காருக்கு நடத்திக்கொண்டு போனான்.